கம்பெனி கைமாறிவிட்டது, திரை மென்பொருளையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: கிடங்குகளில் பார்கோடு ஸ்கேன் செய்யும் கைக்கருவி தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்குகிறேன். கருவி ஓடுவது லினக்ஸில். யோக்டோ (கருவிக்கேற்ற லினக்ஸைக் கட்டித் தரும் கருவித்தொகுப்பு) வைத்து நாங்களே கட்டியது. திரையில் தெரியும் எல்லாமே சி மொழியில், ஜிடிகே 3 என்ற டூல்கிட் (திரையை வரையும் நூலகம்) கொண்டு எழுதியவை. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் வர வேண்டும். சென்ற ஆண்டு ஓர் ஐரோப்பிய நிறுவனம் எங்களை வாங்கிவிட்டது. அவர்களுடைய கருவிகளில் க்யூட்டி என்ற வேறொரு டூல்கிட் இருக்கிறது. அதன்மேல் அவர்களே எழுதிய விட்ஜெட் தொகுப்பு ஒன்றும் (பட்டன், பட்டியல் போன்ற திரை உறுப்புகள்) இருக்கிறது. எங்கள் மென்பொருளையும் அதற்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதென்றால் ஃப்ளட்டர் என்ற இன்னொரு டூல்கிட்டுக்கே போய்விடலாம் என்கிறார் எங்கள் மேலாளர். குழுவில் ஒரு தம்பி, சிறிய கருவிகளுக்கான எல்விஜிஎல் நூலகம் போதும் என்கிறார். அடுத்த மாதம் நான் பரிந்துரை எழுதித் தர வேண்டும். எதைச் சொல்வது? இத்தனை வருட ஜிடிகே அனுபவம் வீணாகிவிடுமா?

பதில்:

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் முக்கியமானது: 'அதன்மேல் அவர்களே எழுதிய விட்ஜெட் தொகுப்பு'. க்யூட்டிக்கு மாறச் சொன்னால் மாறுங்கள், அதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அந்தச் சொந்தத் தொகுப்புக்குள் உங்கள் மென்பொருளைக் கொண்டுபோய்ப் பூட்டிவிடாதீர்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நோக்கியாவின் கதைதான் காரணம். உங்கள் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பரிந்துரையில் உங்களுக்கு உதவும்.

2005-இல் நோக்கியா 770 என்ற இன்டர்நெட் டேப்லெட் வந்தது. உள்ளே டெபியன் லினக்ஸை அடியொற்றிய மேமோ என்ற இயங்குதளம். திரைக்கு ஜிடிகே, அதன்மேல் விரலுக்கும் சிறிய திரைக்கும் ஏற்றபடி நோக்கியா வளர்த்த ஹில்டன் என்ற அடுக்கு. 2007-இல் என்800, பிறகு என்810 என்று அதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். அதை நம்பி வெளியிலிருந்து நிறையப் பேர் செயலி எழுதினார்கள். 2008 ஜனவரி 28 அன்று, ஆஸ்லோவில் இருந்த ட்ரோல்டெக்கை வாங்கப்போவதாக நோக்கியா அறிவித்தது. விலை ஏறத்தாழ 10.4 கோடி யூரோ. ட்ரோல்டெக்கின் சரக்கு க்யூட்டி. சிம்பியன் இயங்குதளத்தில் ஓடிய தன் போனுக்கும் லினக்ஸ் கருவிக்கும் ஒரே நிரலை எழுதலாம் என்பது திட்டம். திட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. உங்களை வாங்கியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்.

அதற்கப்புறம் நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். 2009 ஜூலையில், மேமோவின் அடுத்த தலைமுறையான ஹார்மட்டானுக்கு க்யூட்டிதான் என்று அறிவிக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் சந்தைக்கு வந்த என்900 இன்னும் ஜிடிகே, ஹில்டனில்தான் ஓடியது. அன்றைக்குச் செயலி எழுத உட்கார்ந்தவரை நினைத்துப் பாருங்கள். கையில் இருக்கும் கருவிக்கு எழுதினால் அடுத்த கருவியில் ஓடாது. அடுத்ததற்கு எழுதலாம் என்றால் அது இன்னும் வரவில்லை. 2010 பிப்ரவரியில் இன்டெலின் லினக்ஸ் தளமான மோப்லினும் மேமோவும் சேர்ந்து மீகோ என்ற ஒரே தளம் ஆயின. ஹார்மட்டானுக்காக க்யூட்டியின்மேல் நோக்கியா ஒரு சொந்த அடுக்கு கட்டியிருந்தது. முதலில் அதற்கு லிப்-டுயி என்று பெயர், பிறகு மீகோ டச். க்யூட்டிக்குள்ளேயே க்யூஎம்எல் என்ற, திரையை விவரித்து எழுதும் மொழி வந்து சேர்ந்ததும் அந்த அடுக்கையும் ஓரங்கட்டினார்கள். 2011 பிப்ரவரி 11 அன்று நோக்கியா மைக்ரோசாஃப்ட்டுடன் கைகோத்து விண்டோஸ் போனுக்குப் போய்விட்டது. அழகான என்9 அதே ஆண்டு வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் பாதை இல்லை.

இதில் எது பிழைத்தது, எது போனது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பாடம். ஹில்டன் விட்ஜெட்டுகளில் எழுதியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மீகோ டச்சில் எழுதியவர்களும் அப்படித்தான். இரண்டுமே நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காக மேலே கட்டிய அடுக்குகள். நிறுவனத்தின் மனம் மாறியதும் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கீழே இருந்த ஜிடிகே பிழைத்தது, இன்றும் இருக்கிறது. க்யூட்டியும் பிழைத்தது. 2011-இல் க்யூட்டியின் வணிக உரிம வியாபாரத்தையும் 2012-இல் மீதி எல்லாவற்றையும் பின்லாந்தின் டிஜியா வாங்கியது. அங்கிருந்து 2016-இல் தனி நிறுவனமாகப் பிரிந்ததுதான் இன்றைய க்யூட்டி கம்பெனி. நோக்கியாவிலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய ஜோலாவின் செயில்ஃபிஷ் இயங்குதளம் க்யூட்டியில்தான் நிற்கிறது. உபுண்டு டச்சும் அப்படியே.

இன்டெல் பக்கத்திலும் ஒரு சின்ன உதாரணம் உண்டு. 2008 ஆகஸ்டில் அவர்கள் ஓப்பன்ட்-ஹேண்ட் என்ற சிறிய நிறுவனத்தை வாங்கி, அதன் க்ளட்டர் நூலகத்தின்மேல் மோப்லினின் திரையைக் கட்டினார்கள். மீகோவில் க்யூட்டி முதன்மையானதும் க்ளட்டருக்கு அந்த வீட்டில் வேலை குறைந்துபோனது. அதன் வழித்தோன்றல் இன்று க்னோம் டெஸ்க்டாப்பின் உள்ளே, மட்டர் என்ற பகுதிக்குள் வாழ்கிறது. செயலி எழுதுபவர்களுக்கான நூலகமாக அது இல்லை.

க்யூட்டி இத்தனை கை மாறியும் பிழைத்ததற்குத் தொழில்நுட்பத் தரம் மட்டும் காரணம் இல்லை. 1998-இலேயே ட்ரோல்டெக்கும், க்யூட்டியில் கட்டிய லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇயின் அமைப்பும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். க்யூட்டியின் இலவசப் பதிப்பு பன்னிரண்டு மாதங்களுக்குள் வெளிவராமல் நின்றுபோனால், அதைக் கட்டுப்பாடு மிகக் குறைந்த பிஎஸ்டி வகை உரிமத்தில் வெளியிட அந்த அறக்கட்டளைக்கு உரிமை உண்டு. உரிமையாளர் மாறும்போதெல்லாம் இந்த ஒப்பந்தமும் கூடவே போனது: நோக்கியாவுக்கு, டிஜியாவுக்கு, க்யூட்டி கம்பெனிக்கு. 2009 மார்ச்சில் க்யூட்டி 4.5, சொந்த நிரலை வெளியிடாமலே பயன்படுத்த இடம் தரும் எல்ஜிபிஎல் 2.1 என்ற திறமூல உரிமத்தில் வந்ததும் அதன் அடித்தளம் இன்னும் உறுதியானது. ஜிடிகேவுக்கு இந்த ஏற்பாடே தேவைப்படவில்லை. அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தம் இல்லாத எல்ஜிபிஎல் நூலகம். விலை பேசி வாங்க அங்கே உரிமையாளரே இல்லை. உங்கள் தாய் நிறுவனத்தின் விட்ஜெட் தொகுப்புக்கு இப்படி ஏதாவது காப்பு உண்டா? நாளை அவர்களையே இன்னொருவர் வாங்கினால், அந்தத் தொகுப்பை எழுதிய குழு கலைந்தால், அதன் மூல நிரலைத் திருத்தும் அதிகாரமும் ஆளும் உங்களிடம் இருக்குமா? இந்தக் கேள்வியைப் பரிந்துரையின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

அப்புறம் உரிமம். இங்கேதான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள், அதனால் நிதானமாகப் போகலாம்.

2016-இல் வந்த க்யூட்டி 5.7 முதல் அடிப்படை நூலகங்களின் திறமூல உரிமம் எல்ஜிபிஎல் 3. இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது. வீட்டு உபயோகக் கருவி என்றால், வாங்கியவர் தானே திருத்திய க்யூட்டியை அந்தக் கருவியில் ஏற்றி ஓட்ட வழிசெய்து தர வேண்டும். கருவியைத் தொடக்கிவைக்கும் பூட் லோடரைப் பூட்டிவிட்டு வெறும் மூல நிரலை மட்டும் நீட்ட முடியாது. செயில்ஃபிஷ் பல ஆண்டுகளாக க்யூட்டி 5.6-ஐ விட்டு நகராமல் இருந்ததற்கு இந்த உரிம மாற்றம்தான் பெரிய காரணம். ஆனால் உங்கள் கருவி கிடங்குக்குப் போவது. இந்த நிபந்தனை தனிநபர், குடும்ப, வீட்டு உபயோகப் பொருட்களைக் குறிவைத்தது; நிறுவனங்களுக்கு மட்டுமே விற்கும் தொழில் கருவி இதற்கு வெளியே நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. 'எல்ஜிபிஎல் 3 என்றாலே முடியாது' என்று யாராவது கூட்டத்தில் அடித்துச் சொன்னால், அப்படியே ஒப்புக்கொள்ளாமல் உரிம விஷயம் தெரிந்த வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் போங்கள்.

இன்னொரு கண்ணி: க்யூட்டியில் இருப்பதெல்லாம் எல்ஜிபிஎல் இல்லை. திரையில் விரலால் தட்டும் விசைப்பலகை, அதாவது க்யூட்டி வர்ச்சுவல் கீபோர்டு, ஜிபிஎல் 3 (உங்கள் நிரலையும் திறக்கச் சொல்லும் உரிமம்) அல்லது வணிக உரிமத்தில் மட்டுமே கிடைக்கும். க்யூட்டி சார்ட்ஸும் அப்படியே. பல செயலிகளின் சாளரங்களை ஒரே திரையில் சேர்த்துக் காட்டும் வேலேண்ட் கம்பாசிட்டர் பகுதியும் அப்படியே. தொடுதிரைக் கைக்கருவிக்கு முதலில் தேவைப்படுவதே விசைப்பலகைதான். திறமூல வழியில் போவதென்றால் அதற்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். தாய் நிறுவனத்தின் தொகுப்பு இவற்றில் எதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

அவர்களிடம் வணிக உரிமம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அது நிரலாளர் தலைக்கு ஒன்று, விற்கும் கருவிக்கு இவ்வளவு என்று இரண்டு பக்கமும் கணக்கு வைப்பது. அந்த ஒப்பந்தம் புதிதாகச் சேர்ந்த துணை நிறுவனமான உங்களையும் உள்ளடக்குகிறதா? உங்கள் கருவியின் விலைக்கு அந்தக் கட்டணம் தாங்குமா? ஐரோப்பியச் சந்தை விலையை மனதில் வைத்துப் போட்ட ஒப்பந்தம் இங்கே விற்கும் கருவியின் லாபத்தைக் கணிசமாகக் கடித்துவிடக்கூடும். ஒரே தயாரிப்பில் வணிகப் பதிப்பையும் திறமூலப் பதிப்பையும் கலந்து பயன்படுத்துவதற்கும் அந்த ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு உண்டு. 'இப்போதைக்கு இலவசத்தில் எழுதுவோம், பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று தொடங்காதீர்கள். எந்த வழி என்பதை முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பாதுகாப்புத் திருத்தங்களையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் வணிக உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று 2020 ஜனவரியில் க்யூட்டி கம்பெனி அறிவித்தது. அந்தத் திருத்தங்கள் திறமூலத்துக்கு ஓராண்டு கழித்துத்தான் வருகின்றன. க்யூட்டி 5.15-க்கு இந்த இடைவெளியை நிரப்ப கேடிஇ அமைப்பே 2021-இல் திருத்தங்களைத் தனியாகத் திரட்டி வைக்கத் தொடங்கியது. திறமூல வழியில் போனால், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புகளோடு நீங்களும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வருகிறது. அங்கே விற்கும் டிஜிட்டல் கருவிகளுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். க்யூட்டி 6.8 முதல் வணிக உரிமத்தில் நீண்டகால ஆதரவு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கிறது. உங்கள் கருவி ஐரோப்பாவிலும் விற்கப்படும் என்றால் வணிக உரிமத்துக்கு இது ஒரு நியாயமான காரணம். அந்தச் செலவைத் தாய் நிறுவனம்தான் ஏற்க வேண்டும். இந்தியாவில் மட்டும் விற்பதென்றால் திறமூலப் பதிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மேலாளர் சொல்லும் ஃப்ளட்டர் பற்றி. பிஎஸ்டி உரிமம், உரிமத் தலைவலி ஏதும் இல்லை. எம்பெடட் லினக்ஸுக்கு அதைப் பொருத்தும் வேலையை சோனி போன்ற நிறுவனங்கள் செய்து வெளியிட்டிருக்கின்றன. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது பதில் ஆகாது. ஏற்கெனவே இரண்டு டூல்கிட் இருக்கும் நிறுவனத்தில் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவருகிறீர்கள். டார்ட் மொழியையும் குழு கற்க வேண்டும். உங்கள் சி நிரலோடு பேச இடையில் பாலமும் கட்ட வேண்டும். தாய் நிறுவனத்தில் உங்களுக்குத் துணைக்கு வரவும் ஆள் இருக்காது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்விஜிஎல் சொன்ன தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். எம்ஐடி உரிமம், மிகச் சிறிய நினைவகத்தில் ஓடும், நல்ல நூலகம். ஆங்கிலம் மட்டும் போதும் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். உங்களுக்குத் தமிழும் இந்தியும் வேண்டும். 'கெ' என்று எழுதும்போது கணினியில் முதலில் சேமிக்கப்படுவது ககரம், பிறகுதான் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த வேலையை ஜிடிகேயும் க்யூட்டியும் ஹார்ஃப்பஸ் நூலகத்திடம் விட்டுவிடுகின்றன, அது சரியாகச் செய்கிறது. எல்விஜிஎல்லில் இந்திய எழுத்துகளுக்கு அந்த வசதி உள்ளேயே கிடையாது. கிடங்கில் வேலை செய்பவர் தன் மொழியைச் சிதைந்த எழுத்தில் படிக்கக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, ஜிடிகேயிலேயே இருந்துவிட்டால் என்ன? நிறுவனம் கைமாறாமல் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஜிடிகே 3-க்குப் பிழைத் திருத்தங்கள் இன்னும் வருகின்றன. ஜிடிகே 5 வரும்போதுதான் அதன் ஆயுள் முடியும் என்று அதை உருவாக்குபவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஜிடிகே 4-க்கு என்றாவது நகரத்தான் வேண்டும். அது கிராஃபிக்ஸ் சிப்பை நம்பி வரையும் வகை. உங்கள் பழைய பலகையில் எப்படி ஓடும் என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எப்படியும் ஒரு மாற்று வேலை காத்திருக்கிறது என்கிறபோது, தாய் நிறுவனத்தில் ஆளும் அனுபவமும் இருக்கும் பக்கம் நகர்வதே புத்திசாலித்தனம். கைக்கருவியில் க்யூட்டிக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரே செயலி முழுத் திரையில் ஓடினால் போதும் என்றால், இஜிஎல்எஃப்எஸ் என்ற க்யூட்டியின் பகுதி வழியாக நேரே திரையில் வரைந்துவிடலாம். இடையில் வேலேண்ட் கம்பாசிட்டர் தேவையில்லை. கிராஃபிக்ஸ் சிப் பலவீனமான பழைய மாடல்களில் க்யூஎம்எல்லைத் தவிர்த்துவிட்டு, க்யூட்டி விட்ஜெட்ஸை ஃப்ரேம்பஃபரிலேயே (திரைப் படத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) ஓட்டலாம்.

ஆக, நான் எழுதினால் பரிந்துரை இப்படி இருக்கும். அடுத்த தலைமுறைக் கருவிக்கு க்யூட்டி. தாய் நிறுவனத்தின் விட்ஜெட் தொகுப்பு வேண்டுமானால் தோற்றத்துக்கு மட்டும்: நிறம், எழுத்துரு, பட்டன் வடிவம். திரைக்குத் திரை நகரும் ஒழுங்கு, தரவைக் கையாளும் முறை, ஸ்கேனரோடு பேசும் பகுதி ஆகியவை அந்தத் தொகுப்பைத் தொடவே கூடாது. நாளை அதை உருவிப்போட்டுவிட்டு வெறும் க்யூட்டியில் அதே திரையை வரைய முடிகிற அளவுக்கு அது மெல்லிய தோலாக மட்டும் இருக்க வேண்டும்.

இதற்கு முதல் வேலை க்யூட்டியே இல்லை. இப்போதைய ஜிடிகே மென்பொருளில் பட்டனை அழுத்தினால் ஓடும் ஃபங்க்ஷனுக்குள்ளேயே தரவுத்தள வினவலும் சர்வருக்கு அனுப்பும் வேலையும் கலந்து கிடக்கும். பெரும்பாலான குழுக்களில் அப்படித்தான் இருக்கிறது. அவற்றைப் பிரித்து, தனி ப்ராசஸாக ஓடும் சேவையாக்கி, டி-பஸ் (ப்ராசஸ்கள் தமக்குள் செய்தி பரிமாறும் ஏற்பாடு) வழியாகத் திரையோடு பேச வையுங்கள். இப்போதைய ஜிடிகே திரையை வைத்துக்கொண்டே இதைச் செய்து, விற்பனையிலும் விடலாம். இது முடிந்தால் திரையை எந்த டூல்கிட்டிலும் எழுதிக்கொள்ளலாம், பேரம் பேசும் பலமும் உங்களிடம் வந்துவிடும். தாய் நிறுவனத்தின் திட்டம் பாதியில் மாறினால்கூட இந்த வேலை எதுவும் குப்பைக்குப் போகாது. நோக்கியாவின் ஹில்டன் செயலிகளில் இப்படிப் பிரித்து எழுதியிருந்தவர்களுக்குத் திரையை மட்டும்தான் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு திரையை எடுங்கள், எளிதானதை வேண்டாம். நூற்றுக்கணக்கான வரிசைகள் உருளும் சரக்குப் பட்டியல், மூன்று மொழியும் கலந்தது, ஸ்கேன் செய்தவுடன் அந்த வரிசைக்குத் தாவ வேண்டும், அப்படி ஒன்று. விற்பனையில் இருக்கும் மிகப் பழைய பலகையில் க்யூட்டியில் அதை எழுதி ஓட்டிப் பாருங்கள். பலகை தொடங்க ஆகும் நேரம், நினைவகம், உருட்டும்போது வரும் தடங்கல் மூன்றையும் அளந்து பரிந்துரையோடு இணையுங்கள். தாய் நிறுவனத்தின் தொகுப்பை வைத்து ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை என்று இரண்டும் அளந்தால் வாதமே தேவைப்படாது.

உங்கள் அனுபவம் வீணா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை. ஜிடிகே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் அறிவில் பெரும்பகுதி ஜிலிப் (ஜிடிகேயின் அடித்தள சி நூலகம்), டி-பஸ், ஜிஸ்ட்ரீமர் (ஒலி, காணொலி நூலகம்), எழுத்துருக் கட்டமைப்பு, யோக்டோ ஆகியவற்றைப் பற்றியது. அவை எல்லாம் அப்படியே இருக்கப் போகின்றன. இன்னும் நேரடியாகவே பயன்படும் ஒன்றையும் சொல்கிறேன்: லினக்ஸில் க்யூட்டியை ஜிலிப் ஆதரவோடு கட்டினால், அதன் நிகழ்வுச் சுழற்சி, அதாவது அழுத்தல், டைமர் போன்றவற்றுக்குக் காத்திருந்து செயல்படும் பகுதி, ஜிலிப்பின் மேலேயே ஓடும். டைமர், சாக்கெட், ஜிடிபஸ் என்று நீங்கள் சி மொழியில் எழுதி வைத்தவை அதே ப்ராசஸுக்குள் க்யூட்டியோடு சேர்ந்து வேலை செய்யும். யோக்டோ அமைப்பில் அந்த ஆதரவு இயக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சி++ புதிது என்றால் கொஞ்ச காலம் பிடிக்கும். சிக்னல், கால்பேக் என்ற சிந்தனை ஏற்கெனவே கைவசம் இருப்பதால் உங்கள் குழுவுக்கு அது பெரிய மலை இல்லை.

கடைசியாக, பரிந்துரையில் ஒரு பத்தியை விற்பனையில் இருக்கும் கருவிகளுக்கென்று ஒதுக்குங்கள். அவற்றின் ஜிடிகே 3 மென்பொருளை மாற்றி எழுத வேண்டாம். திருத்தங்கள் மட்டும் போதும். அதை இன்னும் எத்தனை ஆண்டு பராமரிக்கப் போகிறீர்கள், குழுவில் யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதி, தாய் நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். இணைப்புக்குப் பிறகு எல்லோரும் புதிய தளத்துக்கு ஓடும்போது முதலில் கைவிடப்படுவது ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியவரின் கருவிதான்.